கிணறு குடிக்கிற சிமெண்ட்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கடலிலுள்ள மும்பை ஹை எண்ணெய் வயல் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "சுண்ணாம்புப் பாறையில் சிமெண்ட் போடுவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் கணவருக்குக் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில் வேலை. 14 நாள் அங்கே, 14 நாள் வீட்டில். போன மாதம் போனில் "டோட்டல் லாஸ், ரெண்டு நாளா தூக்கமே இல்ல" என்றார். ஷேரில் பணத்தைப் போட்டு விட்டுவிட்டார் என்று பயந்து என் அண்ணனுக்கெல்லாம் போன் செய்துவிட்டேன். அது என்ன சார் லாஸ்? (வாசகி, வாஷி)

ஜுஹுவிலிருந்து ஹெலிகாப்டர் ஏறிப் போகிறவர்கள் வீட்டில் எல்லாம் ஒரு தடவையாவது இந்தக் குழப்பம் நடந்திருக்கும். உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது. காணாமல் போனது சேறு.

கிணறு தோண்டும்போது குழாய் வழியாக ஒரு சேற்றுக் குழம்பைக் கீழே தள்ளிக்கொண்டே இருப்போம். ரிக்கில் அதற்குப் பெயர் மட். அது அடியில் பாறையைக் குடைகிற பிட் என்ற முனை வழியாக வெளியே வந்து, உடைந்த பாறைத் துகள்களை அள்ளிக்கொண்டு, குழாய்க்கும் பாறைச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக மேலே வர வேண்டும். அந்த இடைவெளியை ஆனுலஸ் என்போம், இன்றைக்கு முழுக்க இந்தச் சொல் வரும். பத்து பீப்பாய் உள்ளே போனால் பத்து பீப்பாய் வெளியே வர வேண்டும். பாறையில் விரிசலோ பொந்தோ இருந்தால் மட் அங்கே போய்விடும். மணிக்குப் பத்து பீப்பாய்க்குள் குறைந்தால் கசிவு, சமாளிக்கலாம். மேலே எதுவுமே திரும்பி வராவிட்டால் அதுதான் டோட்டல் லாஸ். ஒரு பீப்பாய் 159 லிட்டர். நம்ம சொசைட்டி டேங்கர் தண்ணீர் மாதிரி மணிக்கு மணி உள்ளே போய்க்கொண்டிருக்கும், எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அவர் தூங்காததற்குக் காரணம் மட்டின் விலை மட்டும் இல்லை. கிணற்றுக்குள் மட் மட்டம் இறங்கினால் அதன் அழுத்தமும் இறங்கும், அப்போது வேறொரு அடுக்கில் அடைபட்டுக் கிடக்கும் வாயு உள்ளே நுழையப் பார்க்கும். ஒரு பக்கம் குடிக்கிற பாறை, இன்னொரு பக்கம் கக்குகிற பாறை. நடுவில் உங்கள் வீட்டுக்காரர்.

மும்பை ஹையின் முக்கிய எண்ணெய் அடுக்குகள் சுண்ணாம்புப் பாறை. சுண்ணாம்பு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அதனால் பொந்து, குகை, விரிசல் எல்லாம் இயற்கையாகவே இருக்கும். அதோடு, 1974-ல் கண்டுபிடித்து 1976 முதல் எண்ணெய் எடுத்துவரும் வயல் அது. இத்தனை வருடம் உறிஞ்சியதில் பாறைக்குள் அழுத்தம் குறைந்திருக்கிறது. அழுத்தம் குறைந்த பாறைக்குத் தாகம் அதிகம்.

பாறை குடிக்கிறது என்கிறீர்கள். சரி, குடித்துவிட்டுப் போகட்டும். இரண்டு மடங்கு சிமெண்ட் ஊற்றினால் ஒரு கட்டத்தில் நிரம்பித்தானே ஆக வேண்டும்? (வாசகர், செம்பூர்)

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது நீங்கள் இல்லை. என் பழைய அதிகாரி ஒருவர். அவர் கேட்கவில்லை, உத்தரவே போட்டார். அந்தக் கதைக்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

கிணறு தோண்டியதும் கேஸிங் என்கிற இரும்புக் குழாயை இறக்கி, அதற்கும் பாறைக்கும் நடுவில் சிமெண்ட் குழம்பை நிரப்புவோம். குழாய் வழியாகக் கீழே தள்ளினால் அது அடியில் திரும்பி ஆனுலஸில் ஏறும். எண்ணெய்க் கிணற்றுக்கான ஜி வகை சிமெண்ட்டில் எடைக்கு 44 சதவீதம் தண்ணீர் கலப்போம், அப்போது குழம்பு தண்ணீரைப்போல 1.9 மடங்கு கனம். பாறைக்கு வலிப்பது இந்தக் கனம்தான்.

1500 மீட்டர் ஆழத்தில் ஒரு விரிசல் என்று வைத்துக்கொள்வோம். 1.05 அடர்த்தி மட் நிரம்பியிருந்தால் அங்கே அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு சுமார் 157.5 கிலோ. அந்த விரிசல் 165 கிலோ வரை தாங்கும், அதற்கு மேல் வாயைத் திறந்துவிடும். மீதி இருப்பது ஏழரை கிலோதான். விரிசலுக்கு மேலே 1.9 கனமுள்ள சிமெண்ட் அந்தச் சேற்றை விலக்கிக்கொண்டு ஏறும்போது, ஒவ்வொரு மீட்டருக்கும் 0.085 கிலோ கூடுகிறது. ஏழரையை 0.085 ஆல் வகுத்துப் பாருங்கள். 88 மீட்டர். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு மீட்டர் ஏற்றப் பார்த்தாலும் அது விரிசலுக்குள் போகும். இரண்டு மடங்கு என்ன, இருபது மடங்கு ஊற்றினாலும் அதே 88 மீட்டர்தான் நிற்கும். ஓடும்போது ஏற்படுகிற உராய்வை இதில் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் இன்னும் மோசம். சிமெண்ட் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை, அந்த விரிசல் முடிவு செய்கிறது.

இப்போது அதே கணக்கில் 1.9-க்குப் பதில் 1.2 போடுங்கள். மீட்டருக்குக் கூடுவது 0.015 கிலோ மட்டும். 500 மீட்டர் ஏறலாம். பாறை அதே பாறை, விரிசல் அதே விரிசல்.

இனி அதிகாரி கதை. கம்பெனி பெயர் வேண்டாம். பன்னிரண்டேகால் அங்குலத் துளை, அதில் ஒன்பது சொச்சம் அங்குலக் கேஸிங், ஆனுலஸில் மீட்டருக்கு சுமார் 29 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் மீட்டருக்கு 29 ஆயிரம் லிட்டர். ஐம்பது கிலோ சிமெண்ட்டில் 38 லிட்டர் குழம்புதான் கிடைக்கும் என்பதால் இதற்கே 760 மூட்டை வேண்டும். தோண்டும்போதே இரண்டு நாள் லாஸ் இருந்தது, அரைகுறையாக அடைத்திருந்தோம். இன்னும் ஒரு நாள் கொடுங்கள், முழுசா அடைச்சுட்டு சிமெண்ட் போடலாம் என்றேன். ரிக் வாடகையைக் காட்டி, "எக்ஸஸ் நூறு பர்சன்ட் போட்டுக்கோ, எழுதிக் கொடுக்கறேன்" என்றார். போட்டோம். பாதியிலேயே மேலே ரிட்டர்ன், அதாவது திரும்பி வருகிற மட், நின்றுபோனது. பம்ப் சத்தம் மட்டும் கேட்கிறது, வெளியே வருகிற வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, மட்டிலிருந்து துகளைச் சலிக்கிற ஷேக்கர் பக்கம் நின்ற பையன் என்னைப் பார்க்கிறான், நான் அதிகாரியைப் பார்க்கிறேன், அவர் கடலைப் பார்க்கிறார்.

சிமெண்ட் இறுகும்போது சூடாகும். அந்தச் சூட்டைத் தேடி தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்தால் சிமெண்ட் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். எதிர்பார்த்த இடத்துக்கு 600 மீட்டர் கீழே, விரிசலுக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. அப்புறம் கேஸிங்கில் ஓட்டை போட்டு, அந்த வழியாக சிமெண்ட்டைத் திணித்து, அது பிடிக்காமல் மறுபடி திணித்து, மூன்றாவது தடவையில்தான் பிடித்தது. ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் ஒன்பது நாள் போனது. எழுதிக் கொடுத்த தாள் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் பாடத்தில் 'ஃபுளூயிட் லாஸ்' என்று ஒரு அத்தியாயம், 'லாஸ்ட் சர்க்குலேஷன்' என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றுதானே? ஃபுளூயிட் லாஸ் மருந்தைக் கூடுதலாகப் போட்டால் விரிசல் பிரச்சினையும் தீருமா? (மாணவி, பவாய்)

ஒன்று இல்லை, தீரவும் தீராது. வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆனவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள், அதனால் வெட்கப்பட வேண்டாம்.

உங்கள் அம்மா வீட்டு காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பொடி மேல் தட்டில் தங்கும், தண்ணீர் மட்டும் கீழே இறங்கும். மணற்பாறை போல நுண்துளை உள்ள பாறையில் சிமெண்ட் குழம்புக்கு நடப்பது அதுதான். தண்ணீர் பாறைக்குள் போய்விட, பொடி சுவரில் ஒட்டிக்கொண்டு குழம்பு கெட்டியாகி, ஆனுலஸையே அடைத்துவிடும். இதுதான் ஃபுளூயிட் லாஸ். இதைச் சோதிக்க 1000 பிஎஸ்ஐ (சதுர செண்டிமீட்டருக்கு சுமார் 70 கிலோ) அழுத்தத்தில் 30 நிமிடம் வடிகட்டிப் பார்ப்பார்கள். ஒன்றும் சேர்க்காத சிமெண்ட் ஆயிரம் மில்லிக்கு மேல் விட்டுவிடும். லைனர் என்கிற, மேலேவரை வராமல் கீழேயே தொங்குகிற கேஸிங்கில் ஆனுலஸ் ஒடுங்கியிருக்கும், அந்த வேலைக்கு 50 மில்லிக்குள் வர வேண்டும் என்று கேட்போம், அதற்குத்தான் அந்த பாலிமர் மருந்து.

விரிசலில் நடப்பது, அதாவது லாஸ்ட் சர்க்குலேஷன், வேறு. ஃபில்டர் தட்டே உடைந்துவிட்டது, பொடி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து கீழே கொட்டுகிறது. அங்கே பாலிமர் என்ன செய்யும்? மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற சாமானை மில்லிமீட்டர் கணக்கில் திறந்திருக்கும் வாயில் போட்டால் அதுவும் சேர்ந்து போகும். ஓட்டையை அடைக்கும் துகளின் நடுத்தர அளவு, துளை அளவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று 1977-ல் ஆப்ராம்ஸ் என்பவர் ஒரு விதி சொன்னார். அவர் சொன்னது மட்டுக்கும் நுண்துளைக்கும்தான், விரிசலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அளவு பொருந்தாமல் அடைப்பு இல்லை என்கிற அடிப்படை எல்லா இடத்துக்கும் உண்டு.

அதனால் விரிசலுக்குக் குருணை, தகடு, நார் என்று மூன்று ஜாதியையும் கலந்துதான் விடுவோம். அக்ரூட் ஓட்டுத் தூள், அளவு பிரித்த சுண்ணாம்புக்கல், மைக்கா, செல்லோஃபேன் துண்டு, நார். மும்பைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது சாக்கடைகளை அடைத்தது எது? பிளாஸ்டிக் பை மட்டுமா, குச்சி மட்டுமா, மண் மட்டுமா? குச்சி குறுக்கே நின்றது, பை அதில் சுற்றியது, மண் மேலே படிந்தது. அன்றைக்கு ஊரை மூழ்கடித்த அதே சேர்க்கையைத்தான் நாங்கள் பார்த்துப் பார்த்து அளந்து கலக்குகிறோம்.

பரீட்சையில் வராத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். எல்லா விரிசலும் பூமி கொடுத்ததல்ல. கேஸிங்கை அவசரமாக இறக்கினால் ஊசி மருந்துக் குழாயில் பிஸ்டனை அழுத்துவது மாதிரிதான், கீழே அழுத்தம் எகிறி நல்ல பாறையும் பிளந்துகொள்ளும். நான் பார்த்த லாஸ்களில் கணிசமானவை நாங்களே உண்டாக்கியவை.

குழம்பை லேசாக்குவது என்றால் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவதா? எங்கள் பில்டர் செய்வது அதுதான்! (வாசகர், முலுண்ட்)

உங்கள் பில்டரை விட்டுத்தள்ளுங்கள். தண்ணீரை மட்டும் கூட்டினால் சிமெண்ட் அடியில் படிந்து மேலே தண்ணீர் நிற்கும், இறுகினாலும் பலம் இருக்காது. பென்டோனைட் களிமண் போட்டு அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கலாம், அது பழைய முறை, ஒரு எல்லை வரை சரி. அதற்கும் கீழே போக வேண்டுமானால் உள்ளீடற்ற நுண்ணிய கோளங்கள் இருக்கின்றன. அனல் மின் நிலையச் சாம்பல் குளத்தில் மேலே மிதக்குமே, அந்த ரகம். கண்ணாடியிலும் செய்கிறார்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் அவை நொறுங்கினால் லேசாக இருந்த குழம்பு மறுபடி கனத்துவிடும் என்பதால் எந்தக் கோளம் எந்த ஆழம் தாங்கும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது நுரை சிமெண்ட். சிமெண்ட் குழம்புக்குள் நைட்ரஜனை விட்டு நுரைக்க வைப்பது. தண்ணீரைவிட லேசாகக்கூடச் செய்யலாம். ஆனால் இட்லி மாவு அரைத்தவர்களுக்குத் தெரியும், பொங்குவது பெரிசில்லை, பொங்கினது நிற்க வேண்டும். குமிழிகள் சின்னச் சின்னதாகத் தனித்தனியே இருந்தால் இட்லி பூ மாதிரி வரும். ஒன்றோடொன்று சேர்ந்து பெரிசானால் மாவு அமுங்கிவிடும். நுரை சிமெண்ட்டிலும் குமிழி சேர்ந்துவிட்டால் ஒரு இடத்தில் வாயு, ஒரு இடத்தில் கனமான சிமெண்ட், நடுவில் வழி. அந்த வழியாக என்ன வேண்டுமானாலும் வரும்.

2010 ஏப்ரல் 20-ம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணறு வெடித்து 11 பேர் இறந்தது நினைவிருக்கலாம். அங்கேயும் கதை லாஸில்தான் ஆரம்பம். அடியில் பலவீனமான பாறை, ஏற்கெனவே மட் குடித்தது, அதனால் கனத்தைக் குறைக்க நைட்ரஜன் நுரை சிமெண்ட். பிறகு அமெரிக்க அதிபர் அமைத்த விசாரணைக் குழு அதே போன்ற கலவையை ஆய்வகத்தில் செய்து பார்க்கச் சொன்னபோது நிலையான நுரையே வரவில்லை. இதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. சிமெண்ட் போட்டபோது ரிட்டர்ன் முழுசாக வந்ததால் வேலை நன்றாக முடிந்தது என்று நினைத்து, சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்று அளக்க வந்த ஆட்களை அளக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரிட்டர்ன் வராவிட்டால் வேலை கெட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம். வந்தால் வேலை நல்லது என்று சொல்ல முடியாது. குழம்பு விரிசலுக்குள் போகவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

லேசாக்குவதைத் தவிர இன்னும் சில வழிகள் உண்டு. பாதி உயரத்தில் ஜன்னல் வைத்த ஒரு கருவியைக் கேஸிங்கில் மாட்டி, கீழ்ப்பாதிக்கு ஒரு தடவை, அது இறுகியதும் ஜன்னலைத் திறந்து மேல்பாதிக்கு ஒரு தடவை என்று இரண்டு கட்டமாகப் போடுவது. ஜன்னல் சரியாக மூடாமல் கசிந்த கதைகளும் உண்டு. ஓடும்வரை ஓடி, நின்றதும் உறைகிற சிமெண்ட் இன்னொன்று. ராகிக் கூழ் கிண்டும்வரை இளகி, கரண்டியை எடுத்ததும் கட்டிக்கொள்ளுமே, அப்படி. விரிசலுக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் அங்கேயே கட்டிக்கொள்ளும். டீசலில் பென்டோனைட்டும் சிமெண்ட்டும் கலந்து அனுப்புகிற முறை ரொம்பப் பழசு, ஆனால் எனக்குப் பல தடவை கைகொடுத்தது. டீசலில் இருக்கும்வரை அது சாதுவாக ஓடும், கீழே தண்ணீரைப் பார்த்த நிமிடம் ரப்பர் மாதிரி உப்பி அடைத்துக்கொள்ளும். வழியில் ஒரு வாளி தண்ணீர் பட்டாலும் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும் என்பதால் முன்னாலும் பின்னாலும் சுத்தமான டீசலை விட்டு அனுப்ப வேண்டும்.

மெதுவாகப் பம்ப் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்யலாம், உராய்வு குறையும். ஆனால் மெதுவாகப் போகிற சிமெண்ட் சுவரில் ஒட்டிய மட்டைத் துடைக்காது, துடைக்காத இடத்தில் சிமெண்ட் பிடிக்காது. இந்த வேலையில் எதுவும் இலவசம் இல்லை.

ரிக்கில் சிமெண்ட் யூனிட் பக்கத்தில் சர்க்கரை மூட்டை பார்த்ததாக என் மகன் சொல்கிறான். டீ போடவா? (வாசகி, மாட்டுங்கா)

டீக்கு வேறு மூட்டை. சர்க்கரை கலந்தால் சிமெண்ட் இறுகாது. திரும்பி வந்த சிமெண்ட் தொட்டியிலோ குழாயிலோ தங்கிவிட்டால் கல்லாகிப்போகும், அப்புறம் உளிதான். அதனால் கையில் சர்க்கரை வைத்திருப்போம், வந்ததும் கொட்டிவிடுவோம்.

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கம். பாறை இப்படிக் குடிக்கும் என்றால் எங்கள் நிலத்தடி நீர் என்ன ஆகும்? உண்மையைச் சொல்லுங்கள், கம்பெனிக்காரர் மாதிரி பேசாதீர்கள். (வாசகர், டோம்பிவிலி)

கோபம் நியாயம்தான். காவிரிப் படுகையிலும் விரிசல் பாறை உண்டு. மாதானம் பகுதியில் மணல் அடுக்குகளுக்கும் கீழே இருக்கும் அடிப்பாறையின் விரிசல்களிலும் எண்ணெய் இருக்கிறது. ஆனால் ஆழத்தில் நடக்கும் லாஸ் நேராக உங்கள் போர்வெல்லுக்கு வராது, நடுவில் எத்தனையோ அடுக்கு களிப்பாறை இருக்கிறது. நான் கவலைப்படுவது இரண்டு இடத்தில். ஒன்று, நன்னீர் அடுக்கைத் தாண்டி இறக்குகிற முதல் கேஸிங். அதற்கு சிமெண்ட் தரைமட்டம்வரை வந்தாக வேண்டும். வராவிட்டால் மேலிருந்து மெல்லிய குழாயை விட்டு நிரப்ப வேண்டும், டாப் ஜாப் என்போம். இரண்டாவது, கீழே லாஸ் ஆனதால் சிமெண்ட் எட்டாமல் போன உயரம். அந்த வெற்று ஆனுலஸ் வழியாகப் பல வருடம் கழித்து வாயுவோ உப்புநீரோ ஏறலாம். இரும்பு ஒருநாள் துருப்பிடிக்கும், அப்போது பின்னால் நிற்க சிமெண்ட் இருக்காது.

2020-ல் தமிழ்நாடு டெல்டாவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டு, புதிதாக எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்டத் தடை விதித்துவிட்டது. பழைய கிணறுகள் இருக்கவே இருக்கின்றன. ஊர்க் கூட்டத்தில் யாராவது அதிகாரி வந்தால் "பாதுகாப்பானதா?" என்று கேட்காதீர்கள், "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். "ஒவ்வொரு கேஸிங்குக்கும் சிமெண்ட் எத்தனை மீட்டர்வரை நிற்கிறது? கணக்குப் போட்டுச் சொல்கிறீர்களா, அளந்து சொல்கிறீர்களா? சிமெண்ட் போட்ட அன்று ரிட்டர்ன் வந்ததா?" என்று கேளுங்கள். கணக்கு என்பது பம்ப் செய்த அளவை ஆனுலஸ் அளவால் வகுப்பது, லாஸ் ஆன கிணற்றில் அதற்கு மதிப்பே இல்லை. அளப்பது என்றால் நான் முன்னால் சொன்ன வெப்பநிலை அளவு, அல்லது கேஸிங்குக்குள் ஒலி எழுப்பி அதன் பின்னால் சிமெண்ட் ஒட்டியிருக்கிறதா என்று கேட்கிற பாண்ட் லாக். கேஸிங்கைத் தட்டினால் மணி மாதிரி கணீரென்று ஒலித்தால் பின்னால் ஒன்றும் இல்லை, சத்தம் அமுங்கினால் சிமெண்ட் பிடித்திருக்கிறது. குடம் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற வித்தைதான்.

எங்கள் பில்டிங் மொட்டை மாடியில் விரிசல், மழையில் ஒழுகுகிறது. உங்கள் எண்ணெய்க் கிணற்று சிமெண்ட் இரண்டு மூட்டை கிடைக்குமா? (சொசைட்டி செயலாளர், சயான் கோலிவாடா)

கிடைத்தாலும் வேண்டாம். அந்த சிமெண்ட்டுக்கு ஐஎஸ் 8229 என்று தனி இந்தியத் தரமே இருக்கிறது, அது ஆழத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் சீக்கிரம் இறுகாமல் இருப்பதற்காகச் செய்தது. உங்கள் மாடியில் சாதாரண சிமெண்ட்டைவிட மெதுவாகத்தான் இறுகும், வேறு லாபம் இல்லை. விரிசலுக்குள் கிரவுட் (அடைக்கும் குழம்பு) ஏற்றுகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைவாக வைத்து நிதானமாக ஏற்றட்டும். வேகமாகத் தள்ளினால் விரிசல் நீளும், அதை நான் 1500 மீட்டர் ஆழத்திலேயே பார்த்தாகிவிட்டது. மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் எந்த கான்ட்ராக்டரும் போனை எடுக்கமாட்டார்.